யாழ் தேடிய துறவியும் மெய் தேடிய கலையும்

கோமாரியிலிருந்து கடலை வலப்புறத்தே கொண்டு வடக்கு நோக்கிச் செல்வோர் திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்து காரைதீவை அடைவர். அதற்கப்பால் சாய்ந்தமருதும் கல்முனையும் உள்ளன. தமிழ் பேசும் இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையிலே, காரைதீவு ஒரு பெருமகனைத் தந்த ஊர். அவ்வூரைக் கடக்குந்தோறும் என் நெஞ்சில் ஒரு வினா எழும். கலையின் பயன் யாது? இன்புறுத்தல் மட்டுமோ, அன்றி மெய்யை விளங்கச் செய்தலோ?

கவிக்குப் பொய்யே அழகு என்று சொல்லும் வழக்கு நம்மிடையே உண்டு. கீழைமொழிக் கல்லூரியிற் பண்டித வகுப்பு நடத்தும் யானும் நெடுங்காலம் அதனையே நம்பி, அவ்வாறே மாணாக்கர்க்கும் கற்பித்து வந்தேன். அந்நம்பிக்கை தளர்ந்த வகையை முதலிற் சொல்லிவிடல் வேண்டும்.

2004ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கரையை அழித்தது. மறு ஆண்டு, பாடசாலையொன்றில் யான் மேல்வகுப்பு மாணாக்கர்க்குக் கட்டுரை எழுதப் பணித்தேன். ஒரு சிறுவன் அவ்வலையைப் பற்றி எழுதினான். மணல் ஏற்றிய லொறிகள் பல ஒன்றாய் வருவது போன்ற இரைச்சல் கேட்டதாம். தண்ணீர் கருமையாய் இருந்ததாம். அவனுடைய அம்மம்மா அப்பொழுது சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாராம். சில நாள் கழித்து அச்சுளகு மட்டும் அயல் வளவொன்றிற் கிடந்ததாம். யான் செம்மையெழுதுகோலால் லொறியை வெட்டி, ஊழிக்காலத்து மேகத்தின் முழக்கம் என்று திருத்தினேன். சுளகையும் வெட்டினேன். அவன் திருத்திய கட்டுரையை வகுப்பின்முன் வாசித்தான். வாசித்து முடித்து, அது அப்படி வரவில்லை என்று மட்டும் தாழ்ந்த குரலிற் கூறி அமர்ந்தான். யான் அவனைக் கடிந்தேன். அவன் மறுமொழி சொல்லவில்லை.

அன்று யான் செய்த பிழை இன்னதென்று விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. விளக்கியவர் காரைதீவு தந்த பெருமகனாராகிய சுவாமி விபுலானந்த அடிகளார். அவர் மறைந்து பல பதின்மம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆயினும் அவர் வாழ்வே எனக்கு ஓர் உரைநூலாய் அமைந்தது.

இருவழிக் கல்வி

அடிகளார் 1892ஆம் ஆண்டு பங்குனித் திங்களிற் காரைதீவிற் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாய்ப் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். அதே 1892ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சேற்றி வெளியிட்டார். இவ்விரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும் அந்நூல் இக்குழந்தையின் பிற்கால வாழ்வை ஆளப்போவதை எண்ணும்போது வியப்புத் தோன்றுகின்றது.

இளமையிலே புலோலி வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழ் பயின்றார். கல்முனையில் ஆங்கிலக் கல்வி தொடங்கி, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் அதனைத் தொடர்ந்தார். அங்கே கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் வல்லுநரான பொனல் அடிகளாரின் அன்புக்கு உரியவரானார். பின்னர்க் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, விஞ்ஞானக் கல்வியையும் மேற்கொண்டார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் வெற்றி பெற்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார்.

இவ்விரு தேர்வுகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் நன்று. பண்டிதன் முன்னோர் சொல்லைப் போற்றுவான். விஞ்ஞானி எச்சொல்லையும் அளந்து பார்த்தே ஏற்பான். இரண்டும் ஒருவரிடம் கூடுவது அரிது. கூடினும் ஒன்று மற்றொன்றை அடக்கிவிடுதல் பெரும்பான்மை. மயில்வாகனனாரிடம் அவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன. யாழ்ப்பாணத்திற் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தார். உலகியலில் உயரத்தக்க நிலை வாய்த்திருந்த அக்காலத்திலே, 1922இல், அனைத்தையும் விடுத்துச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் பெயர் பெற்றார்.

துறவிக்குக் கலை எதற்கு?

ஈண்டு ஒரு தடை எழும். மெய்ப்பொருளை நாடித் துறந்தவர்க்குக் கூத்தும் இசையும் எதற்கு? கிரேக்க ஞானி பிளேட்டோ தாம் வகுத்த இலட்சிய நாட்டிற் புலவர்க்கு இடமளிக்கத் தயங்கினார். கலை, நிழலின் நிழல் என்பது அவர் கருத்து. நம் நாட்டுத் துறவியர் பலரும் கூத்தையும் பாட்டையும் ஐம்புலனின் வலை என்று விலக்கினர்.

அடிகளாரோ துறவு பூண்ட அதே 1924ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்க விழாவிலே நாடகத்தைப் பற்றிப் பேருரை நிகழ்த்தினார். அவ்வுரை விரிந்து 1926இல் மதங்க சூளாமணி என்னும் நூலாயிற்று. ஆங்கில நாடகப் புலவர் சேக்சுபியரின் பன்னிரு நாடகங்களை அதில் ஆராய்ந்தார். வடமொழித் தசரூபகத்தின் இலக்கணத்தையும் தமிழில் தந்தார். அப்புலவர்க்குச் செகசிற்பியார் என்று அவர் இட்ட பெயரை நோக்குக. ஒலியால் அது மூலப்பெயரைத் தழுவுகின்றது. பொருளாலோ உலகைச் செதுக்கும் சிற்பி என்றாகின்றது. அப்பெயரிலே ஒரு கலைக்கொள்கை அடங்கியிருப்பதாக யான் கருதுகின்றேன். சிற்பி கல்லில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதில்லை. வேண்டாதவற்றை நீக்கி உள்ளதைத் தோன்றச் செய்கின்றான்.

நாடகத்தை ஆராயப் புகுந்தவர் மெய்ப்பாட்டை விடுத்துச் செல்ல இயலாது. மெய் என்னும் சொல்லுக்கு உடல் என்றும் உண்மை என்றும் தமிழில் இரு பொருள் உண்டு. உள்ளத்து நிகழ்ச்சி உடலிலே தோன்றுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். அகத்தே இருக்கும் உண்மை புறத்தே வடிவு கொள்ளுதல் என்றும் அதனைக் கொள்ளலாம். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என்பதும் அவர் கோட்பாடு. உலகியல் மட்டும் இருப்பின் அது செய்தி. நாடக வழக்கு மட்டும் இருப்பின் அது வெறும் ஒப்பனை. இரண்டும் கலந்த இடத்தே கலை பிறக்கின்றது. இதனை யான் மாணாக்கர்க்குப் பன்முறை ஒப்புவித்தேன். ஆனால் அச்சிறுவன் கட்டுரையில் உலகியலை முற்றும் வெட்டியபோது இதனை மறந்தேன்.

அடிகளார் பணிகள் கலையோடு நிற்கவில்லை. 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். அங்கே புலவர் பலர் பாரதியாரைப் பெருங்கவிஞர் என ஏற்கத் தயங்கிய காலத்தில், பாரதி பாடல்களைப் பயிலும் கழகம் கண்டு அவர் புகழை நிலைநாட்ட முற்பட்டார். அயலிலிருந்த திருவேட்களத்துத் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிற் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1936இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். பின்னர் இமயத்து மாயாவதி ஆசிரமத்திலிருந்து வெளிவந்த பிரபுத்த பாரத இதழின் ஆசிரியராய் இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

காணாத கருவி

இத்துணைப் பணிகளுக்கு இடையிலும் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஒரு தேடல் அவரை விடாது பற்றியிருந்தது. அதுவே யாழ்.

பழந்தமிழர் போற்றிய யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆயின. வீணை நிலைத்தது, யாழ் பெயரளவில் எஞ்சியது. எடுத்து அளக்க ஒரு கருவியும் இல்லை. மீட்டிக்காட்ட ஒரு பாணனும் இல்லை. எஞ்சியவை பாட்டும் உரையுமே. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் யாழாசிரியன் இலக்கணம் கூறும் பகுதியும், அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் அவர்க்கு வாயிலாயின. அவ்வுரையோ பெரும்பாலும் மறைந்த நூல்களைச் சான்று காட்டுவது. அவற்றுள் ஒன்றாகிய பஞ்சமரபு 1973இலேதான் அச்சேறியது.

கருவி இன்றிக் கருவியின் வடிவை அறிவது எங்ஙனம்? இங்கேதான் என் வினாவுக்கு விடை கிடைத்தது.

பொருநராற்றுப்படைப் புலவர் பாணன் கையிலிருந்த யாழை உறுப்பு உறுப்பாய் உவமித்துள்ளார். நடுவுயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தருக்கு மானின் குளம்பு பதிந்த சுவடு உவமை. துளைகளை அடைத்து நிற்கும் ஆணிகளுக்கு வளையில் வாழும் நண்டின் கண்கள் உவமை. வாய்க்கு எட்டாம் நாள் திங்கள் உவமை. நிமிர்ந்த கோட்டுக்குத் தலை தூக்கிய பாம்பு உவமை. இவற்றைப் படிப்போர் அழகென்று சுவைத்து அப்பாற் செல்வர். யானும் அவ்வாறே சென்றவன். அடிகளாரோ இத்தகைய பழம்பாடற் குறிப்புகளைத் தச்சன் கையிற்கொள்ளும் அளவுக் குறிப்பைப் போலக் கையாண்டார். பழைய சிற்பங்களிற் காணும் வில்வடிவ நரம்புக் கருவிகளோடு ஒப்புநோக்கினார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் வடிவங்களை ஆராய்ந்து நிறுத்தினார்.

சற்றே சிந்தியுங்கள். பத்தாயிரம் நண்டுகள் ஓடும் எங்கள் கரையிலே, நண்டின் கண் காம்பின் நுனியில் உருண்டு திரண்டு நிற்பதை ஐந்து வயதுக் குழந்தையும் அறியும். அப்பழம்புலவரும் அதனை உற்று நோக்கியிருக்கின்றார். யாழின் ஆணியையும் உற்று நோக்கியிருக்கின்றார். இரண்டையும் உள்ளவாறு கண்டமையால் அவர் உவமை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்பும் சான்றாய் நின்றது. யாழ் மறைந்தது; உவமை மறையவில்லை. அப்புலவர் ஆணியைப் பொன் என்றும் மணி என்றும் வாளா புனைந்திருப்பின் அடிகளார்க்கு அப்பாட்டினால் யாது பயன் விளைந்திருக்கும்?

நரம்பின் கணக்கு

வடிவை அறிந்தால் போதாது; ஒலியையும் அறிதல் வேண்டும். இங்கே விஞ்ஞானப் பட்டதாரி பண்டிதர்க்குத் துணைவந்தார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் ஒலியின் அதிர்வு இரட்டிக்கும். மூன்றில் இரு பங்காக்கினால் ஒன்றரை மடங்காகும், இஃது ஐந்தாம் நரம்பு, கிளை எனப்படும். நான்கில் மூன்று பங்காக்கினால் நான்காம் நரம்பு; இது நட்பு. முன்னோர் உறவின் பெயரால் வழங்கிய இவற்றை அடிகளார் எண்ணின் பெயராலும் விளக்கினார். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என வரும் 22 அலகுகளைக் கணக்கிட்டு, பாலைகள் ஒன்றிலிருந்து ஒன்று திரியும் முறையையும், அவற்றிற் பிறக்கும் பண்களையும், தேவார இசையையும் ஆராய்ந்தார்.

இசைக்கணிதத்தில் ஒரு வியப்பு உண்டு. கிரேக்கத்துப் பித்தாகொரசு வழியினர் காலமுதல் அறியப்பட்டது. ஒன்றரை மடங்காய்ப் பன்னிருமுறை ஏறினால், ஏழுமுறை இரட்டித்த இடத்திற்கே வந்து சேரவேண்டும் என்று செவி எதிர்பார்க்கும். கணக்கோ 128இல் நில்லாது 129.7ஐக் கடக்கும். வட்டம் முற்றும் மூடுவதில்லை. அச்சிறு இடைவெளியை எவ்விடத்தே எவ்வாறு பொறுத்துக்கொள்வது என்பதை எண் சொல்லாது. இசைவல்லார் செவியே சொல்லும். ஆகவே கலை கணக்குக்குப் பகையன்று. கணக்கு நிற்கும் எல்லையிலிருந்து அது தன் பயணத்தைத் தொடர்கின்றது.

நீரரமகளிர்

இவ்வளவு கணக்கறிந்தவர் தம் நூலிலே ஒரு கற்பனைப் பாடலையும் இயற்றி வைத்தார். மட்டக்களப்பு வாவியிற் பாடும் மீன்களைப் பற்றிய நீரரமகளிர் இன்னிசைப் பாடலே அது. அமைதியான முழுமதி இரவிலே, தோணியில் இருந்துகொண்டு துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்தால் வாவியின் அடியிலிருந்து இன்னொலி கேட்கும் என்பர். ஆங்கிலேய அதிகாரி எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இவ்வொலியைக் குறித்து எழுதி, அது சங்கு சிப்பி இனத்து உயிர்களின் ஒலி எனக் கருதினார். மீனின் ஒலியே என்பாரும் உளர். அடிகளாரோ நீரில் வாழும் அரமகளிரைப் படைத்து, ஏழிசையையும் அவர்பால் வைத்தார்.

விஞ்ஞானியே பொய் புனைந்தாரோ என்று மாணாக்கர் ஒருமுறை என்னைக் கேட்டனர். யான் தந்த விடை இது. வாவியின் அடியில் மகளிர் உளர் என்று அடிகளார் விலங்கியல் நூலில் எழுதவில்லை. அவ்விரவில் அவ்வொலியைக் கேட்கும் மனிதன் நெஞ்சில் நிகழ்வது யாது என்பதைப் பாட்டில் எழுதினார். ஏழு நரம்புக்கும் மூலம் இயற்கையிலேயே ஒலித்துக்கொண்டிருக்கின்றது என்னும் உணர்வு அது. அவ்வுணர்வு மெய். அரமகளிர் அதன் வடிவம்; அதாவது மெய்ப்பாடு. கேட்டவன் கேளாததைச் சொல்லவில்லை. கேட்டதற்கு ஓர் உருவம் தந்தான்.

அங்ஙனமாயின் ஊழிமேகமும் ஓர் உருவந்தானே, அதனை எழுதிய யான் மட்டும் எவ்வாறு பிழைத்தேன் என்று வாசகர் கேட்டல் கூடும். வேறுபாடு இதுவே. அரமகளிரை அடிகளார் வாவிக்கரையிலிருந்து பெற்றார். ஊழிமேகத்தை யான் பழைய ஏடொன்றிலிருந்து எடுத்தேன். அதனை யான் கேட்டதில்லை, அச்சிறுவனும் கேட்டதில்லை. கற்பனை பொய்யாவதில்லை, கேளாததைக் கேட்டதாகச் சொல்லுதலே பொய்யாகின்றது.

பிழையும் மெய்யும்

கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாகிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு யூன் 5, 6ஆம் நாள்களிற் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவர் கணித்த முறையில் அமைத்த கருவிகள் ஊர்வலமாய்க் கொண்டுவரப்பட்டு இசைக்கப்பட்டன. அடிகளார் அப்பொழுது உடல் நலிந்திருந்தார். அடுத்த மாதம் 19ஆம் நாள் கொழும்பில் மறைந்தார். அவர் திருவுடல் கல்லடியிலே தாம் வளர்த்த வித்தியாலயத்து வளவில் அடக்கம் செய்யப்பெற்றது.

பின்வந்த இசையாய்வாளர் அவர் முடிவுகள் அனைத்தையும் ஏற்றுக்கொள்ளவில்லை. யாழின் வடிவிலும் பாலைகளின் அடையாளத்திலும் வேறு கருத்துகள் எழுந்துள்ளன. இதனை மறைத்து அவரைப் புகழ்தல் அவர்க்கே இழுக்காகும். மெய்யை நாடியவரைப் பொய்யாற் போற்றலாகாது. அவர் தம் கணக்கைத் திறந்து வைத்தார். இன்ன சான்றினால் இன்ன முடிவுக்கு வந்தேன் என்று காட்டினார். ஆதலின் பின்னவர் எவ்விடத்தே மாறுபடுகின்றனர் என்பதைத் தெளிவாய்ச் சொல்ல இயல்கின்றது. திருத்தக்க பிழை மெய்யின் வழியில் நேர்வது. அழகிய பொய்யைத் திருத்த வழியே இல்லை. அதில் அளந்து பார்க்க ஒன்றும் இராது.

கலையின் பயன் மெய்யை வெளிப்படுத்துவதோ என்ற வினாவுக்கு இப்பொழுது என் விடையைச் சொல்வேன். கலை மெய்யை மெய்ப்பிப்பதற்கு எழுந்ததன்று. அஃது அளவை நூலின் தொழில். இன்பமும் கலையின் உரிமையே. நண்டின் கண்ணைச் சொன்ன புலவர் நம்மை இன்புறுத்தவே சொன்னார். ஆயினும் அவ்வின்பம் உள்ளதை உற்று நோக்கியதிற் பிறந்தது. உற்று நோக்காமற் பிறந்த இன்பம் ஓராண்டும் நில்லாது. உற்று நோக்கியதிற் பிறந்தது இரண்டாயிரம் ஆண்டு நின்று, வழக்கொழிந்த ஒரு கருவியையே மீட்டுத் தந்தது.

அச்சிறுவன் இன்று வளர்ந்த ஆடவன், கடற்றொழில் செய்கின்றான். சென்ற ஆண்டு வழியில் அவனைக் கண்டு, அன்று யான் கட்டுரையை வெட்டியது பிழை என்று சொன்னேன். அவன் நாணி நகைத்தான். கட்டுரை நினைவில்லை என்றான். அம்மம்மாவின் சுளகு இன்னும் வீட்டில் இருப்பதாக மட்டும் சொன்னான். நாளை என்றேனும் ஒருவன் இக்கரையில் அன்று நிகழ்ந்ததை அறிய விரும்பின், யான் எழுதிய ஊழிமேகம் அவனுக்கு ஒன்றும் உரையாது. லொறியும் சுளகும் உரைத்திருக்கும். அவற்றை வெட்டிய எழுதுகோல் என்னுடையது.

இப்பொழுது என் மாணாக்கர் கட்டுரைகளில் ஒற்றுப்பிழையையும் சந்திப்பிழையையும் முன்போலவே திருத்துகின்றேன். உவமையிற் கைவைக்குமுன் எழுதியவனை அழைத்து, அது அப்படித்தான் வந்ததா என்று கேட்கின்றேன்.